நான் அளக்க வைத்த வயல்

ரத்னா நைட் ஷிப்ட் முடித்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்தாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தேன். காலை எட்டரை இருக்கும். வெளியே, லண்டன் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்கு ஓடுகிற சனத்தின் சப்பாத்துச் சத்தம்.

“மாமி, இதைப் பாருங்கோ” என்று போனை நீட்டினாள். மருமகளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மாமி, பாருங்கோ, சாப்பிட்டாச்சா. மிச்சமெல்லாம் ஆங்கிலம். நான் இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

படத்தில் அவளுடைய தகப்பன். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு நின்றார். பக்கத்தில் சீருடை போட்ட இரண்டு பேர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வயலின் நாலு மூலையிலும் பச்சை மூங்கில் கம்பு நட்டிருந்தது. கம்புகளின் தலையில் சிவப்புப் பெயின்ற். ஒரு கம்பில் கை வைத்தபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா எனக்கு நிலம் தந்துவிட்டார். வாய்க்காலோரத்து இரண்டு துண்டும். என்னுடைய பெயருக்கு மாற்றக் கொடுத்தாயிற்றாம்.” சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

“நல்ல விசயம்தானே பிள்ளை, ஏன் அழுறாய்?”

“அகுஸ் மலேசியாவுக்குப் போய்விட்டான், மாமி. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு. இரண்டு வருட ஒப்பந்தம். மிச்சம் இருக்கிற நிலம் இரண்டு குடும்பத்துக்குக் காணாது. எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவே இல்லையே. அப்பா ஏன் இப்படிச் செய்தார்?”

அகுஸ் அவளுடைய தம்பி. கலியாணம் கட்டியவன். நாலு மாதக் கைக்குழந்தை இருக்கிறது.

தோசை கருகியது. நான் அடுப்பை நிறுத்திவிட்டு, “தகப்பன் எண்டால் அப்படித்தான் பிள்ளை, பாசம்” என்றேன்.

பச்சைப் பொய். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். செய்ய வைத்ததே நான்தான்.

ஸ்ட்ரெதத்தில் நான் வேலை செய்த லோண்டரியின் முதலாளியைப் பற்றிப் போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு வாய் கூட” என்று ஒரு வாசகத் தம்பி எழுதியிருந்தார். ஓம் தம்பி, கூடத்தான். எவ்வளவு கூட என்பதை இன்றைக்கு வாசியுங்கோ. இவ்வளவு கிழமையும் இந்தப் பக்கத்தில் மற்றவர்களின் மானத்தைத்தான் வாங்கினேன். இந்தக் கிழமை என்னுடைய முறை.

வெறுங்கையோடயோ வந்தவள்?

ஜனகன் எங்களுக்கு ஒரே பிள்ளை. எஞ்சினியர். பந்தடிக்கப் போய்க் கணுக்காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த வார்டில் நேர்சாக இருந்தவள்தான் ரத்னா. கால் சுகமாகி ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், “அம்மா, ரத்னா எண்டு ஒரு பிள்ளை...” என்று இழுத்தான்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலோ கொக்குவிலோ என்று மனம் ஓடிவிட்டது. “எந்த ஊர் ஆக்கள்?” என்றேன்.

“ஜாவா.”

“அது எந்தப் பக்கம்?” என்று பேப்பருக்குள்ளிருந்து கேட்டார் இவர். இவர் என்றால் என்னுடைய மனுசன். முப்பது வருடம் தபால் பிரித்த ஆள். உலகத்தில் உள்ள ஊரெல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

“இந்தோனேசியா, அப்பா.”

பேப்பரை மடித்து வைத்தார். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பிள்ளையை நேரில் பார்த்த பிறகு குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் கோயிலில் ஒரு தாலி, அவர்களுடைய சேர்ச்சில் ஒரு மோதிரம் என்று கலியாணம் சுருக்கமாக முடிந்தது. விசா கிடைக்காததால் அவளுடைய பக்கத்தில் ஒருவரும் வரவில்லை.

குறை சொன்னது மச்சாள். இவருடைய தங்கச்சி, பிளேஸ்டோவில் இருக்கிறவ. கலியாண வீட்டில், கையில் பலகாரத் தட்டோடு, நாலு பேர் கேட்கத்தக்கதாகக் கேட்டா: “என்ன மச்சாள், மருமகளுக்கு என்ன குடுத்தவை? பொடிச்சி வெறுங்கையோடயோ வந்தவள்?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெட்டைக்குக் கலியாணம் பேசினால் முதல் கதை காணிக் கதைதான். வீடு எது, வளவு எவ்வளவு பரப்பு, கிணற்றில் பங்கு இருக்கிறதா, எல்லாம் உறுதிப் பத்திரத்தில் ஏறிய பிறகுதான் சாதகத்தையே நல்லபடி பார்ப்பார்கள். எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். கிணற்றில் அரைப்பங்கு என்று உறுதியில் இருந்தது. மற்ற அரைப்பங்கு சித்தப்பாவுக்கு.

அந்தச் சித்தப்பாவுக்கும் என்னைப் பெற்ற ஐயாவுக்கும் வேலிச் சண்டை. வேலிக் கம்பான கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று தொடங்கியது, வழக்காகிக் கோட்டுக்குப் போய், எட்டு வருடம் இழுத்தது. ஐயா செத்த வீட்டுக்குச் சித்தப்பா வரவில்லை. இன்றைக்கு அவருடைய பிள்ளைகள் கனடாவில், நாங்கள் இங்கே. அந்த வேலி இருந்த இடத்தை இப்போது ஆருக்கும் காட்டத் தெரியாது. இதெல்லாம் கண்ணால் கண்டவள் நான். கண்டும் புத்தி வரவில்லை, அதுதான் கதை.

வேலி இல்லாத ஊர்

கலியாணம் முடிந்து வந்த வருடம் நாங்கள் நாலு பேரும் ஜாவாவுக்குப் போனோம். ஜகார்த்தாவில் இறங்கி ரயில் எடுத்தோம். எட்டு மணித்தியாலம். இவர் யன்னல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “வயலப்பா, இஞ்சை பாரும், முழுக்க வயல்” என்று பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கென்ன கண் தெரியாதா?

ரயிலால் இறங்கி வான் வண்டியில் ஒன்றரை மணித்தியாலம். ஒரு பாலத்தடியோடு பெரிய றோட்டு முடிந்துவிட்டது. அங்கே ஒரு சீமெந்துக் கடை இருந்தது. அந்தக் கடையில் தண்ணிப் போத்தல் வாங்கிக் குடித்துவிட்டு, மலையடிவாரத்துக் கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏறினோம். என்னை ஏற்றியது அகுஸ். ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் படி படியாக இறங்கும் வயல். நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சீமெந்துப் பாதை. நான் முருகா முருகா என்று கத்த, அவன் சிரித்துச் சிரித்து ஓட்டினான். அவனுக்கு முருகனைத் தெரியாது. இறங்கும்போது அவனும் “முருகா” என்றான். பிறகு அந்தப் பத்து நாளும் என்னைக் கண்டால் அதுதான் வணக்கம்.

சம்பந்தியின் பெயர் சுகித்தோ. அங்கே பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் பாக் என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பாக் சுகித்தோ மெலிந்த மனுசன், கதை குறைவு. நாங்கள் போய் இறங்கியதும் இரண்டு கையாலும் என்னுடைய கையைப் பிடித்து, பிறகு தன் நெஞ்சில் கையை வைத்தார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வேலி இல்லை. இவர்களுடைய முற்றம் எங்கே முடிகிறது, பக்கத்து வீட்டு முற்றம் எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் விளங்கவில்லை. விடிந்ததும் பெண்கள் கூட்டுமாறோடு வந்து கூட்டுவார்கள். கூட்டிய வரி இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒன்றாகப் போய்ச் சேரும்.

“எல்லை எது?” என்று ரத்னாவைக் கேட்டேன்.

“அந்தப் பலா மரம் வரைக்கும் என்று நினைக்கிறேன், மாமி. இல்லாவிட்டால் அதற்கு அந்தப் பக்கத்துத் தென்னை.”

நினைக்கிறாளாமே!

வயலுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கணக்கில் எல்லாமாக எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர் வரும். நாலு துண்டு. இரண்டு துண்டு வாய்க்காலோரம், வருடம் முழுக்கத் தண்ணி. மற்ற இரண்டும் மேலே, மழையை நம்பி. மேலே நெல்லு ஒரு போகம்தான், மிச்ச நாளில் கச்சான் கடலையும் மிளகாயும். அகுஸ் மண்வெட்டியால் வரம்பை வெட்டித் தண்ணி திருப்புவதை எனக்குச் செய்து காட்டினான். இந்த வயலுக்கு இவ்வளவு நேரம், பிறகு பக்கத்து ஆளுக்கு விடவேண்டும். மணிக்கூடு பார்க்கிறதில்லை, வயலில் தண்ணி நிற்கிற அளவைப் பார்த்துத்தான் வரம்பை அடைப்பது. அன்றைக்கு நாற்று நடுகை. அயல் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்து வரிசையாகப் பின்னுக்கு நடந்து நட்டார்கள். அடுத்த நாள் சம்பந்தி அம்மா அவர்களில் ஒருத்தியின் வயலுக்கு நடப் போய்விட்டா. அது அங்கே முறை.

ஆக, எது நல்ல நிலம், எது வறண்ட நிலம், அந்த நிலத்தில் எத்தனை பேரின் வயிறு தங்கியிருக்கிறது என்பது எனக்கு வடிவாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வாத்தியாரிடம் கேட்டது

வந்து ஐந்தாம் நாள் எங்களுக்காக ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு வைத்தார்கள். அதற்கு முதல் நாள் ரத்னா உடுப்பு மடித்துக்கொண்டிருக்க, நான் மெல்லத் தொடங்கினேன்.

“பிள்ளை, இதிலை உன்ரை பங்கு எது?”

அவளுடைய கை நின்றது. “மாமி, இங்கே அப்படிக் கேட்கமாட்டோம். அப்பாவிடம் தயவுசெய்து கேட்கவேண்டாம்.”

“சும்மா தெரிஞ்சுவைக்கத்தானே...”

“தயவுசெய்து, மாமி.”

இவர் அறைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். அவள் போனதும் உள்ளே வந்து, “நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்” என்றார். முப்பத்தைந்து வருடமாக அவர் எனக்குச் சொல்லும் ஒரே புத்தி அது. நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பாய் விரித்து ஐம்பது பேர் இருந்தார்கள். தேங்காய்ப்பாலில் கோழி, இனிப்புப் போட்டுக் காய்ச்சிய பலாக்காய், சோயாவில் செய்த தெம்பே பொரியல். ரத்னா பின்பக்கம் அடுப்படியில் பெண்களோடு நின்றாள். ஜனகன் பொடியன்களோடு. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வித்யோ வாத்தியார், சம்பந்தி அம்மாவின் தமையன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலம் கதைக்க ஆள் கிடைத்த சந்தோசத்தில் என்னை விடவே இல்லை.

எனக்கோ பிளேஸ்டோ மச்சாளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

“மாஸ்டர், எங்கடை முறையிலை பெண்பிள்ளைக்குக் காணி எழுதிக் குடுக்கிறது. ரத்னாவுக்கு எந்த வயல் எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுவீங்களோ? அந்த வாய்க்காலோரத்து வயல் இரண்டும் நல்ல வடிவு” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தக் கடைசி வசனத்தை ஏன் சொன்னேன்? ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

வாத்தியாருடைய முகம் ஒருகணம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு காத்திருந்தேன். விருந்தாளி கேட்டதை விழுங்கவும் முடியாமல், மெதுவாக ஜாவா மொழியில் சம்பந்திக்குச் சொன்னார். பாயில் இருந்தவர்களின் கதை நின்றுவிட்டது. எதிரே அகுஸ் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

பாக் சுகித்தோ சிரித்தார். ஏதோ சுருக்கமாகச் சொன்னார்.

“அந்த வாய்க்காலோரத்து வயல்கள்தானாம் ரத்னாவுக்கு” என்றார் வாத்தியார், தன் தட்டைப் பார்த்துக்கொண்டு.

பாயில் எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானும் கோழிக்கால் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

பிளேஸ்டோவில் புளுகியது

லண்டன் திரும்பி இரண்டாம் நாள், களைப்பும் தீராமல், டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறிப் பிளேஸ்டோவுக்குப் போனேன். தேயிலையும் தென்னங்கட்டியும் குடுக்கிற சாட்டு.

“மச்சாள், சம்பந்தி வாய்க்காலோரத்துக் காணியை மருமகளுக்கு எழுதுறார். ஊர்ச் சனத்துக்கு முன்னாலை சொல்லிப்போட்டார். வருசம் முழுக்கத் தண்ணி நிக்கிற வயல்.”

“எவ்வளவு பரப்பு?”

“இருக்கும் ஒரு பத்துப் பன்னிரண்டு.”

நாலு பரப்பைப் பன்னிரண்டாக்கினேன். மச்சாள் வாயை மூடினா. அந்தச் சந்தோசம் ஒரு கிழமை நின்றது. அதைவிடக் கூட நிற்கவில்லை.

சம்பந்தி சும்மா முகத்துக்காகச் சொல்லியிருப்பார், நாளடைவில் மறந்துவிடுவார் என்றுதான் நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் சபையில் சொல்லிவிட்டுப் பிறகு கைவிரித்திருக்கிறார்கள்! அந்த மனுசன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆளைக் கூப்பிட்டு அளந்து, கம்பும் நட்டுவிட்டார்.

ரத்னாவின் பங்கு

படம் வந்த அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று கிழமை. அவள் நாளுக்கு இரண்டு தரம் தகப்பனோடு போனில் கதைப்பாள். நிலம் வேண்டாம் என்று கெஞ்சுவது அவளுடைய குரலிலேயே விளங்கும். அவர் மசியவில்லை. ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லாம். அகுஸின் மனுசி கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அறுபது கடந்த மனுசன் தனியாக மண்வெட்டி பிடிக்கிறார். ஒவ்வொன்றாக ரத்னா எனக்கு வந்து சொல்வாள். நான் “ஐயோ பாவம்” என்பேன். என்னுடைய நாக்கு அழுகவில்லையே என்று பார்க்கிறேன்.

கடைசியில் இவர்தான். “இஞ்சேரும், நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?” என்று ஒரு நாள் காலையில் கேட்டார். அவருக்குப் பாயில் நடந்தது தெரியும். மூன்று கிழமையாக வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் வேலைக்கு வெளிக்கிட முன்னர், அதே குசினியில், சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “பிள்ளை, நான்தான் கேட்டனான். வாத்தியாரைக் கொண்டு, எல்லாருக்கும் முன்னாலை. நீ வேண்டாமெண்டு சொன்ன பிறகும் கேட்டனான்.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது.

“எனக்குச் சந்தேகம் இருந்தது, மாமி” என்றாள். “நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று படம் வந்த காலையில் அவள் கேட்டது என்னைச் சொல்ல வைக்கத்தான். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

“இன்னொன்றும் சொல்லவேண்டும்” என்றாள். “என்னுடைய பங்கு எப்போதோ முடிந்துவிட்டது. முன்னர் எங்களுக்கு ஐந்து துண்டு. பாலத்தடியில் ஒன்று இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. நான் நேர்சிங் படிக்க அதைத்தான் அப்பா விற்றார். இப்போது அங்கே சீமெந்துக் கடை நிற்கிறது. என்னுடைய பங்கை நான் படித்துவிட்டேன், மிச்சம் அகுஸுக்கு என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பாயில் இருந்த ஐம்பது பேருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் தகப்பன் அதைச் சொல்லேல்லை?”

“எப்படிச் சொல்வார்? மகளுக்கு இனி ஒன்றும் இல்லை என்று, அவளுடைய மாமிக்கு, சபையில்? நான் உங்கள் வீட்டில் தலை குனிவேன் என்று நினைத்திருப்பார்.”

பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வெறுங்கையோடு வந்தவள் என்று நான் வெட்கப்பட்ட பிள்ளை. ஒரு வயலைப் படிப்பாக்கிக் கொண்டு வந்து, என் மகனுடைய முறிந்த காலைத் தூக்கி வைத்துக் கட்டுப் போட்டவள். எனக்கு அன்றைக்கு முழுக்க என்னுடைய முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஊருக்கு முன்னால்

ஊருக்கு முன்னால் கேட்டதை ஊருக்கு முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. வேறு வழி இல்லை என்று நானே கண்டுகொண்டேன். ரத்னாவின் ஊரில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அயலவர்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வார்கள். அந்த மாதம் பாக் சுகித்தோவின் வீடு. எங்களுக்குக் காலை பத்து மணி.

ரத்னா போனை மேசையில் சாத்தி வைத்தாள். அங்கே யாரோ போனை உயர்த்திப் பிடிக்க, அதே பாய், அதே முகங்கள். என்னைக் கண்டதும் எல்லாரும் கை அசைத்தார்கள். சம்பந்தி நடுவில் இருந்து சிரித்தார்.

“சொல்லு பிள்ளை” என்றேன். “காணியை நான்தான் கேட்டனான், அது பெரிய பிழை, ரத்னாவின்ரை பங்கு முடிஞ்சுது, அது எனக்கு இப்பதான் தெரியும், வயல் அகுஸுக்குத்தான் போகவேணும், நான் மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொல்லு.”

அவள் இரண்டு வசனம் கதைத்தாள். அங்கே எல்லாரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். சம்பந்தி அம்மா கையை அசைத்து ஏதோ வாழ்த்துப் போலச் சொன்னா. நான் சொன்னதற்கு வரக்கூடிய பதில் இல்லை அது.

“நீ நான் சொன்னதைச் சொல்லேல்லை.”

“இல்லை, மாமி” என்றாள். கண் கலங்கியிருந்தது. “நீங்கள் எல்லாரையும் சுகம் விசாரித்ததாகச் சொன்னேன். நீங்கள் என்னுடைய மாமி. எங்களுடைய ஊருக்கு முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்க என்னால் முடியாது. அப்பாவோடு பிறகு தனியாக...”

தகப்பன் மகளுடைய மானத்துக்காக வயலைக் கொடுத்தார். மகள் என்னுடைய மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, என் மேலேயே ஆத்திரமும் வந்தது.

போனை இழுத்து என் பக்கம் திருப்பினேன். “வித்யோ மாஸ்டர்! மாஸ்டர் அங்கை இருக்கிறாரோ?” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பின் வரிசையில் இருந்து அவர் எட்டிப் பார்த்தார். “அண்டைக்கு உங்களைக் கொண்டுதான் கேட்டனான். இண்டைக்கும் உங்களைக் கொண்டுதான் சொல்லவேணும். ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ.”

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பெருமை பேச ஒரு காணி தேவைப்பட்டது, அதுதான் கேட்டேன் என்பதையும் சொன்னேன். பிளேஸ்டோவில் பன்னிரண்டு பரப்பு என்று புளுகியதையும் சொன்னேன். இவர் கதவடியில் நின்று நெற்றியில் கையை வைத்தார்.

வாத்தியார் எழும்பி நின்று, ஒவ்வொரு வசனமாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போலச் சொன்னார்.

பாக் சுகித்தோவின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை நேராகப் பார்த்துக் கதைத்தார். குரல் உயரவில்லை.

வாத்தியார் எனக்குச் சொல்லத் தயங்கினார். “மாஸ்டர், சொல்லுங்கோ” என்றேன். அவர் வாயைத் திறக்க முன்னர், எனக்குப் பக்கத்தில் இருந்த ரத்னாவே சொன்னாள். இந்த முறை ஒன்றையும் மாற்றவில்லை என்பது அவள் என்னுடைய கையைப் பிடித்த இறுக்கத்தில் தெரிந்தது.

“நாளைக்கு ஊர் விதானையாரிடம் போய், மாற்றக் கொடுத்த கடதாசியைத் திருப்பி எடுப்பாராம். கம்பைப் பிடுங்குவாராம். வயல் அகுஸுக்காம்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “உங்கள் மேல் தனக்குக் கோபம் வந்ததாம். இவ்வளவு நாளும் அதை ஒருவருக்கும் சொல்லவில்லையாம். இன்னும் இருக்கிறதாம்.”

“ஓம்” என்றேன். “இருக்கத்தானே வேணும்.”

அவர் இன்னொன்றும் சொன்னார். சொல்லும்போது முன்னரைப் போல நெஞ்சில் கை வைத்தார்.

“அகுஸ் வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் திரும்பவும் வாருங்கள் என்கிறார்.”

அதற்கு முன்னர் வரவேண்டாம் என்பதும் அதில் இருக்கிறதா என்று நான் ரத்னாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள்.

போன மாதம் அகுஸோடு ரத்னா கதைத்தாள். வயல் அவனுக்குத்தான் என்று சொன்னதும் சந்தோசப்பட்டானாம். ஆனால் ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொண்டு வர ஏலாதாம். குழந்தை இப்போது தவழுகிறது. தகப்பன் போனில்தான் பார்க்கிறான். அவன் வீட்டுக்கு வர இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது.